வந்தவர் எத்தனை, வேலை முடிந்தவர் எத்தனை?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது. அது எவ்வளவு ஆபத்தான இடம் என்று எனக்குத் தெரியும். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

செயலாளர் அண்ணன் வாசித்த ஆண்டறிக்கையில் ஒரு வரி இருந்தது. நம் சங்கத்தின் இணையதளத்துக்கு இந்த ஆண்டு லட்சக்கணக்கில் ‘ஹிட்ஸ்’ வந்திருக்கின்றன என்றார். எல்லோரும் கைதட்டினோம். அடுத்து வந்த பொருளாளர் அண்ணன், அந்தத் தளத்துக்கு ஆகும் செலவைச் சொன்னார். யாரும் தட்டவில்லை. பிற்பகல் பொதுக்குழுவில் இதன் மேல் ஒரு தீர்மானம் வருகிறது. தளத்தைத் தொடர்ந்து நடத்துவதா, அல்லது அந்தப் பணத்தையும் கல்வி உதவித்தொகையில் சேர்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்திக்கொள்வதா என்று நீங்கள் கை தூக்க வேண்டும். கை தூக்குவதற்கு முன்னால் அந்த லட்சம் என்பது என்ன லட்சம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? சென்னையில் பத்து வருஷமாக எனக்கு இதுதான் வேலை, இணையதளங்களின் வரவுக் கணக்கைப் பார்ப்பது. சங்கத் தளத்தின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பையும் போன வருஷம் என் தலையில் கட்டினார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் இந்த ஹிட். நம் தளத்தின் முகப்பைத் திறந்தால் கல்லூரிக் கட்டடத்தின் படம், சங்க முத்திரை, பழைய விழாப் படங்கள் என்று ஒரு இருபது படம் வருகிறது. ஒவ்வொரு படத்தையும் பிரவுசர் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. எழுத்துருவுக்கு ஒரு கோப்பு, அலங்காரத்துக்கு ஒரு கோப்பு. சர்வர் இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். ஓர் ஆள், ஒரே தடவை, முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் இருபத்தைந்து ஹிட் விழுந்துவிடும். நாளைக்கே இன்னும் பத்து படத்தை முகப்பில் ஏற்றினால் ஹிட் கூடும், ஆள் கூடாது. கடற்கரையில் உட்கார்ந்து அலை எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்வர் தாங்குமா என்று பார்க்கும் இன்ஜினியருக்கு இந்த எண் வேண்டும். ஆண்டறிக்கைக்கு வேண்டாம்.

நாடே பார்த்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2021 ஏப்ரல் 28, சாயங்காலம் நாலு மணி. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிந்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் 38 கோடிக்கும் மேல் ஹிட் என்று அரசு செய்திக்குறிப்பு சொன்னது. அதே மூன்று மணி நேரத்தில் பதிந்தவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு பதிவுக்கு நாற்பத்தெட்டு ஹிட் கிட்ட வருகிறது. ஓ.டி.பி. கேட்பது ஒன்று, அதைச் சரிபார்ப்பது ஒன்று, பின்கோடு போட்டுத் தேடுவது ஒன்று, கிடைக்கவில்லை என்று திரும்பத் தேடுவது இன்னொன்று, அப்படி ஏறிய கணக்கு. சரி, அந்த 80 லட்சமாவது ஊசி போட்டுக்கொண்டவர்களா? அதுவும் இல்லை. பெயர் பதிந்தவர்கள்தான். பதிந்துவிட்டு, ‘ஸ்லாட்’ கிடைக்காமல் நாள்கணக்கில் கைபேசியைத் தேய்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். 2021 மே மாத இறுதியில், அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிந்துகொள்ளலாம் என்று வழி செய்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. ஹிட், பதிவு, ஊசி என்று மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றும் உண்மைதான். சிதம்பரம் பக்கத்து கிராமத்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு மூன்றாவது ஒன்றுதான் காரியம்.

ஹிட்டுக்கு அடுத்த படி ‘பேஜ் வியூ’. பக்கம் ஒரு தடவை திறந்தால் ஒன்று. கொஞ்சம் நியாயமான எண். ஆனால் ஒருவரே பத்து தடவை ரிஃப்ரெஷ் பண்ணினால் பத்து. ரிசல்ட் வரும் நாளில் தம்பிகள் என்ன செய்வீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு அடுத்தது ‘செஷன்’, அதாவது ஒரு வருகை. ஒருவர் வந்து நாலு பக்கம் பார்த்துவிட்டுப் போனால் பேஜ் வியூ நான்கு, வருகை ஒன்று. ஆனால் வந்தவர் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லையே! ஆகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முப்பது நிமிடம் அசைவில்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று கொள்வது. கூகுள் அனலிடிக்ஸில் மாற்றாமல் விட்டால் இந்த முப்பது நிமிடம்தான். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, அம்மா கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோய், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு நாற்பது நிமிடம் கழித்து வந்து உட்காரும் தங்கச்சி, கணக்கில் இரண்டு வருகை.

‘யூசர்’ என்ற எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெயர் அப்படி. யூசர் என்றதும் மனிதர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எண்ணப்படுவது பிரவுசரில் வைக்கப்படும் ஒரு சின்ன அடையாளச் சீட்டு. குக்கி என்று சொல்கிறார்களே, அதுதான். நம்ம லேப்பில் மூணாவது வரிசைக் கம்ப்யூட்டர் ஒன்றில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆறு பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தால், ஒரு யூசர். துபாயில் இருக்கும் லால்பேட்டை அண்ணன் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பில், கைபேசியில், வீட்டு டேப்லெட்டில் என்று மூன்றிலும் பார்த்தால், மூன்று யூசர். ஆப்பிள் கம்பெனியின் சஃபாரி பிரவுசர் 2019லிருந்து, ஸ்கிரிப்ட் வைத்துவிட்டுப் போகும் குக்கிக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்று வைத்துவிட்டது. எட்டாம் நாள் வருகிற அதே அண்ணன் புது ஆள்!

அப்படியானால் இந்த எண்களெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை ஒழுங்காக எண்ணுகிறது. நாம்தான் அதற்கு வேறு பெயர் வைத்து வாசிக்கிறோம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. தினமும் பேப்பரில் வீராணம் நீர்மட்டம் போடுகிறார்கள். முழு மட்டம் 47.50 அடி. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கூடவே கீழணையிலிருந்து வடவாறு வழியாக விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, சென்னைக் குடிநீருக்கு எத்தனை கன அடி போகிறது என்றும் இருக்கும். மட்டம் என்பது காலையில் அளந்த நேரத்து நிலைமை. வரத்தும் போக்கும் வேறு சங்கதி. மதகை மூடி வைத்திருந்தாலும் மட்டம் குறையாது, அதற்காகப் பாசனம் நன்றாக நடக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அடியில் வண்டல் மேடிட்டுப் போனால் அதே 47.50 அடிக்குள் நிற்கிற தண்ணீர் குறைச்சல்தான், ஆனால் அளவுகோல் பழைய எண்ணைத்தான் காட்டும். இத்தனையும் கேட்டுவிட்டுக் கடைமடை விவசாயி ஒன்றே ஒன்று கேட்பார்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நம்ம வயலுக்குத் தண்ணி வந்துச்சா?” அதை ஏரிக்கரையில் நட்டு வைத்த அளவுகோலில் படிக்க முடியாது.

இணையதளத்தின் கடைமடைக்குப் பெயர் ‘கன்வெர்ஷன்’. கூகுள் 2024 மார்ச்சில் அதற்கு ‘கீ ஈவென்ட்’ என்று பெயர் மாற்றியது. பெயர் எதுவானாலும், வந்தவர் எந்தக் காரியத்துக்காக வந்தாரோ அது முடிந்ததா என்பதுதான் அது. கடைக்காரருக்கு விற்பனை, நமக்கு உதவித்தொகை விண்ணப்பம். எந்தக் காரியத்தை எண்ண வேண்டும் என்பதைக் கருவி தானாகக் கண்டுபிடிக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தனக்குத் தெரிந்ததை எண்ணிக்கொண்டிருக்கும்.

‘பவுன்ஸ் ரேட்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஒரே பக்கத்தோடு திரும்பிவிட்டார்கள் என்பது அதன் பழைய அர்த்தம். அதிகமாக இருந்தால் மோசம் என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. நம் தளத்தில் கல்லூரி அலுவலகத் தொலைபேசி எண் இருக்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவர் வருகிறார், எண்ணைப் பார்க்கிறார், போன் போடுகிறார், போய்விடுகிறார். அவர் வந்த காரியம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பழைய கணக்கில் அவர் ‘பவுன்ஸ்’ ஆனவர். அந்தப் பக்கத்தில் பவுன்ஸ் ரேட் அதிகமாக இருந்தால் நான் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன்.

இன்னொன்று. கூகுள் 2005ல் அர்ச்சின் என்ற கம்பெனியை வாங்கி, அந்த வருஷம் நவம்பரிலேயே அனலிடிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. பல வருஷம் பழகிய அதன் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதுக் கணக்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. இப்போது இருப்பது ஜி.ஏ.4 என்ற பதிப்பு. இதில் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் குறித்த காரியத்தை முடித்தாலோ, அந்த வருகை ‘என்கேஜ்டு’. அப்படி இல்லாதது மட்டுமே பவுன்ஸ். பெயர் அதே பெயர், படி வேறு படி. பழைய படியில் எழுபது சதவீதம் காட்டிய தளம் புதுப் படியில் நாற்பது காட்டினால், தளம் திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. 2022க்கும் 2024க்கும் பவுன்ஸ் ரேட்டைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு யாராவது ரிப்போர்ட் கொடுத்தால், மரக்காலையும் லிட்டரையும் ஒன்றாகக் கூட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சராசரி நேரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. ஒரு கணக்குக்கு ஐந்து பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். நாலு பேர் பத்து பத்து விநாடி. ஒருவர் இருபது நிமிடம். சராசரி நாலு நிமிடத்துக்கு மேலே வருகிறது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட நாலு நிமிடம் இருக்கவில்லை! நடுவில் நிற்கிற ஆளைப் பார்த்தால் பத்து விநாடி. புள்ளியியல் பாடத்தில் மீடியன் என்று நடத்தியபோது தூங்கினோமே, அது இதற்குத்தான்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறான். அவனுக்கு ஒரு ஏஜென்ட் தளம் போட்டுக் கொடுத்து, மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தார். “உங்கள் டிராஃபிக் மூணு மடங்கு ஏறிவிட்டது சார்.” தோழன் எனக்குப் போன் பண்ணினான்: “டேய், மூணு மடங்குங்கிறாங்க, போன் மட்டும் எப்பவும் போலத்தான்டா வருது.” கணக்கைத் திறந்து பார்த்தேன். ஏறிய கூட்டத்தில் பெரும்பகுதி, நெல்லே விளையாத தேசங்களிலிருந்து, ஒரு விநாடிகூடத் தங்காமல், ராத்திரி இரண்டு மணிக்கு வந்த கூட்டம். மனிதர்கள் இல்லை, ‘பாட்’ என்கிற தானியங்கி நிரல்கள். அதோடு அந்த ரிப்போர்ட் டிசம்பரையும் ஜனவரியையும் ஒப்பிட்டிருந்தது. சம்பா அறுவடைக் காலத்தில் இயந்திரம் தேடுகிறவர்கள் கூடுவதற்கு ஏஜென்ட் எதற்கு? தை பிறந்தால் போதும். போன தையையும் இந்தத் தையையும்தான் ஒப்பிட வேண்டும். தோழன் இப்போது ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறான், தளத்தில் இருக்கும் ‘அழைக்க’ பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று. ஏஜென்ட்டை நிறுத்திவிட்டான்.

மனிதரையும் பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்று நேர்மையாகச் செய்து காட்டுகிற இடம் ஒன்று வேண்டுமானால், தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003ல் தொடங்கி, 2017ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது. எந்தக் கட்டுரையை ஒரு நாளில் எத்தனை தடவை திறந்தார்கள் என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ‘வீராணம் ஏரி’ கட்டுரையை எடுத்து, பக்கப் பார்வைப் புள்ளிவிவரத்தைத் தட்டினால் நாள்வாரியாகக் கோடு வரும். பயனர், தேடுபொறிச் சிலந்தி, இவை தவிர 2020லிருந்து தானியங்கி என்று சந்தேகப்படும் பார்வை என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆள் எண்ணிக்கை என்று அவர்கள் சொல்வதே இல்லை. ‘தனிச் சாதனங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். அதையும் யாருக்கும் அடையாள எண் கொடுத்து எண்ணுவதில்லை. கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பதை மட்டும் பிரவுசரில் குறித்து வைத்து, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். எண்ணுவது எது என்பதையே பெயராக வைத்த அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும். தம்பிகள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடினால் இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்.

எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் இணைப்பைத் தட்டி வருகிறவர்கள், பெரும்பாலும் ‘டைரக்ட்’ என்ற தலைப்பில் விழுகிறார்கள், தளத்தின் பெயரைத் தானே தட்டச்சு செய்து வந்தது போல. இணைப்பின் வாலில் யூ.டி.எம். என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பினால்தான் இது வாட்ஸ்அப் வழி என்று தெரியும். யூ.டி.எம். என்பதில் முதல் எழுத்து அந்தப் பழைய அர்ச்சின்தான். ஊர்க் கணக்கு இன்னும் வேடிக்கை. காட்டுமன்னார்கோயில் பேருந்து நிலையத்தில் நின்று கைபேசியில் பார்த்தாலும், நெட்வொர்க் எந்த ஊர் முகவரியைக் கொடுக்கிறதோ அந்த ஊர்தான் விழும், பல நேரம் சென்னை. ‘நம் தளத்தைச் சென்னைக்காரர்கள்தான் பார்க்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பதில்லை’ என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. அதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

சர்ச் கன்சோல் என்று இன்னொரு கருவி இருக்கிறது. கூகுளில் என்ன தட்டித் தேடியபோது நம் தளம் கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்று சொல்லும். நம் ஊர்ப் பெயருக்கு இருக்கிற எழுத்துக்கூட்டல் எத்தனை! கோயில், கோவில், பழைய ஆட்கள் சொல்கிற காட்டுமன்னார்குடி, ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குத் தனியாக நாலு விதம். தளத்தில் ஒரே விதமாக எழுதி வைத்துவிட்டு மற்ற விதங்களில் தேடுகிறவர்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தோம். பெயரை எல்லா விதத்திலும் ஓரிடத்தில் எழுதி வைத்தோம். ஐந்து நிமிட வேலை.

இனி உதவித்தொகை விண்ணப்பம். பிற்பகல் தீர்மானத்துக்கு உண்மையில் இதுதான் சம்பந்தப்பட்டது.

விண்ணப்பப் பக்கத்துக்கு நாலு படி இருக்கிறது. பக்கத்தைத் திறப்பது, பெயர் விவரம் நிரப்புவது, வருமானச் சான்றிதழை ஏற்றுவது, சமர்ப்பிப்பது. ஒவ்வொரு படிக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று தனித்தனியாக எண்ணும்படி அமைத்தேன். முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குக் குறைவது இயல்பு, சும்மா எட்டிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியவர்களில் பாதிக்கு மேல் மூன்றாம் படியில் நின்றுவிட்டார்கள். அவ்வளவு தூரம் நிரப்பியவர்கள் எட்டிப் பார்க்க வந்தவர்கள் இல்லை.

ஏன் நின்றார்கள்? செயற்குழுவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்றார் ஒருவர். தாலுகா ஆபீஸில் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதனால்தான் என்றார் இன்னொருவர். கிராமத்தில் சிக்னல் இல்லை என்றார் மூன்றாமவர். அனலிடிக்ஸ் இதில் யார் பக்கமும் பேசாது. எந்த இடத்தில் நின்றார்கள் என்று காட்டும், ஏன் என்று சொல்லாது.

ஆகவே இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கச்சி ஒருவரிடம், அவருடைய கைபேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பிக் காட்டச் சொல்லி, பேராசிரியை ஒருவரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இடையில் எதுவும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. இரண்டு படியை மளமளவென்று முடித்துவிட்டார். வருமானச் சான்றிதழைக் கைபேசியில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதை ஏற்றினார். பக்கம் ஒரு தடவை மின்னிவிட்டு அப்படியே நின்றது. மறுபடி ஏற்றினார். மறுபடி அதே. பக்கத்தை மூடித் திறந்து முதலிலிருந்து நிரப்பினார். நாலாவது தடவை, “போயிடுச்சுன்னு நினைக்கிறேன் சார்” என்று கைபேசியைக் கீழே வைத்தார்.

போகவில்லை. கோப்பு பி.டி.எஃப். ஆக இருக்க வேண்டும், 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று விதி. கைபேசியில் எடுத்த போட்டோ அதைப் போலப் பதினைந்து மடங்கு. அதைச் சொல்கிற அறிவிப்பு பக்கத்தின் உச்சியில், ஆங்கிலத்தில், சின்னச் சிவப்பு எழுத்தில் வந்தது. திரையைக் கீழே தள்ளி வைத்திருக்கிற பிள்ளையின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தளத்தைக் கட்டியவர்கள் பெரிய திரைக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்திருப்பார்கள். அதில் நன்றாகத்தான் தெரிகிறது.

ராத்திரி கணக்கைத் திறந்து அந்த வருகையைத் தேடிப் பார்த்தேன். அந்தத் தங்கச்சி பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததெல்லாம் பேஜ் வியூ. சமர்ப்பிக்க முடியாமல் திணறிய பன்னிரண்டு நிமிடமும் ‘என்கேஜ்மென்ட் டைம்’ என்ற நல்ல பெயரில் ஏறியிருந்தது. ஒரே பக்கத்தோடு திரும்பவில்லை, ஆகவே பவுன்ஸும் இல்லை. ஆண்டறிக்கையில் வாசிக்கிற எண்களில் எதை எடுத்தாலும், அந்தப் பிள்ளை நம் தளத்துக்கு வந்த மிகச் சிறந்த விருந்தாளி. விண்ணப்பம் மட்டும் வந்து சேரவில்லை.

அதற்கு முந்தின வருஷம், கடைசித் தேதி முடிந்த பிறகு அலுவலகத்துக்கு வந்து, “நான் அப்ளை பண்ணினேனே சார்” என்று சொன்ன பிள்ளைகள் சிலர் உண்டு. லிஸ்ட்டில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பொய் சொன்னதாகத்தான் அன்றைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர்கள் பண்ணித்தான் இருப்பார்கள்.

இப்போது போட்டோவையே ஏற்கும்படி மாற்றியாயிற்று. சுருக்கும் வேலையை சர்வர் பார்த்துக்கொள்கிறது. பிழை அறிவிப்பு தமிழில், ஏற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வருகிறது. சேர்ந்தவுடன் விண்ணப்ப எண் ஒன்று கைபேசிக்குப் போகிறது. இந்த ஆண்டு மூன்றாம் படியில் நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறார்கள். எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். நம் விண்ணப்பங்களின் மொத்தமே சின்ன எண். இரண்டு நாலானால் நூறு சதவீத வளர்ச்சி என்று போஸ்டர் அடிக்கலாம், ஆனால் அது நாலுதான்.

தீர்மானத்துக்கு என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன். விழாப் படங்கள், வாழ்த்துச் செய்தி, பழைய செய்தி மடல் இருக்கிற பக்கங்களை யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன், பெரிதாக யாரும் பார்ப்பதில்லை. அவற்றை வாட்ஸ்அப் குழுவுக்கே விட்டுவிடலாம், செலவும் பாதியாகும். விண்ணப்பப் பக்கத்தையும் அலுவலக எண் இருக்கிற பக்கத்தையும் வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் குழுவில் சேராத பிள்ளைக்கு அந்த இரண்டும்தான் வழி. அடுத்த ஆண்டறிக்கையில் ஹிட்டை எடுத்துவிட்டு மூன்றே எண் போடலாம். விண்ணப்பத்தைத் தொடங்கியவர்கள், முடித்தவர்கள், தொகை கைக்குப் போனவர்கள். மூன்றாவது எண் எந்த அனலிடிக்ஸிலும் கிடைக்காது, அதைப் பொருளாளர் அண்ணனின் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எண்ணுகிறோம் என்ற பெயரில் பிள்ளைகளின் பெயர், கைபேசி எண், குடும்ப வருமானம் எதுவும் அந்தக் கருவிக்குள் போய்விடக் கூடாது. ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை அனுப்பக் கூடாது என்று கூகுளின் நிபந்தனையிலேயே இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. எத்தனை பேர், எந்தப் படியில் என்பது போதும், யார் என்பது வேண்டாம். வெளிக் கம்பெனியிடம் கொடுக்கவே மனமில்லை என்றால் மட்டோமோ என்ற மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதை நிறுவிப் பார்க்க மூன்றாம் ஆண்டுத் தம்பிகள் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்.

பொதுக்குழு முடிந்ததும் நாலு மணிக்கு லேப்பில் இருப்பேன். தளத்தின் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திரையில் திறந்து வைக்கிறேன். தொழில் செய்கிற அண்ணன்மார்கள், அக்காமார்கள், உங்களுக்கு மாதாமாதம் வரும் ரிப்போர்ட் கைபேசியில் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

இலை போட்டுவிட்டார்கள் என்று சைகை வருகிறது.